வண்டி மோதின கேஸ்ல வீடு ஜப்தி ஆகுமா?

வாசகர் கேள்விகள் – வக்கீல் பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தை சுத்தியே இருந்துச்சு. ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, நஷ்டஈடு கேஸ் வந்துடுச்சு, வீடு போயிடுமோன்னு பயமா இருக்குன்னு. அதனால பட்டா, பாகப்பிரிவினை கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இந்த தடவை முழுக்க இதுக்கே பதில் எழுதறேன்.

கேள்வி: அய்யா வணக்கம். என் வீட்டுக்காரர் கார் ஓட்டிட்டு போறப்ப பைக்ல வந்த ஒருத்தர் மேல மோதி அவர் இறந்துட்டார். அப்பதான் பார்த்தோம், இன்சூரன்ஸ் முடிஞ்சு 12 நாள் ஆயிருக்கு. இப்ப நஷ்டஈடு கேட்டு கோர்ட்ல இருந்து சம்மன் வந்திருக்கு. எங்களுக்கு இருக்கறது ஒரே வீடு, அவர் பேர்ல இருக்கு. உடனே என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி வெச்சுட்டா யாரும் தொட முடியாதுன்னு என் கொழுந்தனார் சொல்றார். எழுதிடலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: எழுதாதீங்கம்மா. சொந்தக்காரங்க நல்லது நினைச்சுதான் சொல்றாங்க, ஆனா இந்த யோசனையால நல்லா கெட்டுப்போன கேஸுங்கதான் அதிகம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கடன்காரங்களுக்கு பணம் போய்ச் சேராம பண்றதுக்காக சொத்தை வேற பேருக்கு மாத்தினா அந்தக் கடன்காரங்க கோர்ட்டுக்கு போய் அந்தப் பத்திரத்தை செல்லாததா ஆக்கிடலாம்னு அது சொல்லுது. நிஜமா பணம் கொடுத்து நல்லெண்ணத்தோட வாங்கினவங்களுக்குத்தான் அதுல பாதுகாப்பு. பொண்டாட்டிக்கு பைசா வாங்காம எழுதற செட்டில்மென்ட், அதுவும் சம்மன் வந்த பிறகு, வில்லங்கம் போட்டுப் பார்த்தா தேதி பளிச்சுன்னு தெரியும், எந்த ஜட்ஜுக்கும் விளக்கம் தேவைப்படாது. அதோட நிக்காது. சொத்தை மறைக்கப் பாக்கறாங்கன்னு சொல்லி தீர்ப்புக்கு முன்னாடியே வீட்டை அட்டாச் பண்ணக் கேட்டு அவங்க மனு போடவும் நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் தவணை கேக்கவோ சமாதானம் பேசவோ போனா உங்க வார்த்தைக்கு அங்க மதிப்பு இருக்காது.

சரி, வீட்டை ஜப்தி பண்ண முடியுமான்னு கேட்டா, முடியும். மறைச்சு சொல்றதுல புண்ணியம் இல்ல. குடியிருக்கற ஒரே வீடுன்னா தொட மாட்டாங்கன்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுல ஜப்தி பண்ணக் கூடாத பொருள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல விவசாயி குடியிருக்கற வீடு இருக்கு, ஆனா விவசாயம்தான் பொழப்புன்னு நிரூபிக்கணும், கிராமத்துல ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு விட்டுட்டு டவுன்ல கடை நடத்தறவருக்கு அது கஷ்டம். பஞ்சாப் பக்கம் பிரதான குடியிருப்பு வீட்டுக்கே விலக்கு கொடுத்து மாநிலத் திருத்தம் பண்ணியிருக்காங்க, நம்ம தமிழ்நாட்டுல அப்படி பொதுவான விலக்கு கிடையாது. பி.எஃப். பணம், எல்.ஐ.சி. மாதிரி ஆயுள் காப்பீட்டுல வர்ற பணம், சம்பளத்துல முதல் 1000 ரூபாயும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும், இதெல்லாம் பட்டியல்ல இருக்கு. சாதாரண வீடு இல்ல.

எவ்வளவு வரும்னு உங்களுக்கு ஒரு அளவு தெரியணும், ஏன்னா அது தெரியாமத்தான் பாதி பேர் அஞ்சு லட்சத்துல முடிச்சுடலாம்னு கனவு காண்றாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். இறந்தவருக்கு 34 வயசு, சொந்தமா தொழில் பண்ணி மாசம் 25,000 சம்பாதிச்சார், மனைவி, ரெண்டு குழந்தை, அம்மா அவரை நம்பி இருந்தாங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 3 லட்சம். 40 வயசுக்குள்ள சுயதொழில்னா எதிர்கால வளர்ச்சிக்குன்னு 40 சதவீதம் சேர்க்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2017-ல பிரணய் சேத்தி வழக்குல சொல்லிடுச்சு, ஆக 4,20,000. நாலு பேர் நம்பி இருந்ததால அவரோட சொந்த செலவுக்குன்னு கால் பங்கு கழிச்சா 3,15,000. 31-ல இருந்து 35 வயசுக்கு 16-ஆல பெருக்கணும், அது 2009-ல சரளா வர்மா வழக்குல போட்ட அட்டவணை. ஆக 50,40,000 ரூபாய். இதுக்கு மேல குடும்பத்துக்கான இழப்பு, ஈமச்சடங்கு செலவுன்னு சில தொகை, அதுக்கும் மேல மனு போட்ட நாள்ல இருந்து வட்டி, நம்ம பக்கம் 7.5 சதவீதம் போடறது சகஜம். பாலிசி உயிரோட இருந்திருந்தா இது மொத்தமும் கம்பெனி கட்டியிருக்கும், தேர்ட் பார்ட்டி கவர்ல, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற பாதிப்புக்கான இன்சூரன்ஸ்ல, உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே கிடையாது.

இதைப் படிச்சுட்டு உடைஞ்சு போயிடாதீங்க, முதல்ல ஒரு விஷயம் செக் பண்ணுங்க. கார் எப்ப வாங்கினீங்க? 2018 செப்டம்பர் 1-க்கு அப்புறம் வாங்கின புது கார் எல்லாத்துக்கும் தேர்ட் பார்ட்டி கவர் மூணு வருஷத்துக்கு சேர்த்துத்தான் போடணும்னு ஆயிடுச்சு, ஆனா நம்ம வண்டிக்கு ஆகற டேமேஜுக்கான கவர் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் முடிஞ்சதும் முடிஞ்சு போறது இந்த ரெண்டாவது கவர், தேர்ட் பார்ட்டி இன்னும் ஓடிட்டு இருக்கலாம். வாங்கி மூணு வருஷம் ஆகலன்னா பாலிசி பேப்பரை எடுத்து ரெண்டு தேதியையும் தனித்தனியா பாருங்க, ஷோரூம்ல கொடுத்த முதல் பாலிசியைப் பாருங்க. தேர்ட் பார்ட்டி தேதி உள்ள இருந்தா அந்தக் கம்பெனியை கேஸ்ல சேர்க்கச் சொல்லி மனு போட்டா போதும், நீங்க இப்ப படற பாடு பெரும்பாலும் அங்கயே தீர்ந்துடும்.

பாலிசி முடிஞ்சு 90 நாளைக்குள்ள கட்டிட்டா பரவாயில்லன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த 90 நாள், கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், கையை விட்டுப் போகாம இருக்கறதுக்கு மட்டும்தான். நடுவுல நடந்த ஆக்சிடென்ட்டுக்கு கவர் வராது.

நிஜமாவே ரெண்டு கவரும் முடிஞ்சு போயிருந்தா, கேஸை நடத்துங்க. ஆள் வராம விட்டா எக்ஸ் பார்ட்டியா அவங்க சொன்ன வருமானத்துக்கு, அவங்க சொன்ன கதைக்கு தீர்ப்பு வந்துடும். நீங்க ஆஜராகி, எஃப்.ஐ.ஆர்., ஸ்பாட் ஸ்கெட்ச், ரெண்டு வண்டிக்குமான எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட் எல்லாம் வாங்கி, மோதின இடம் ரோட்டுல எந்தப் பக்கம், பைக் எங்க இருந்து வந்துச்சு, இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டிருக்கான்னு உங்க வக்கீலை நிதானமா பார்க்கச் சொல்லுங்க. இறந்தவர் பேர்லயும் கவனக்குறைவு இருந்ததா நிரூபிச்சா அந்த சதவீதம் தொகையில கழியும். மூணாவதா ஒரு லாரியும் காரணம்னா அந்த லாரியோட இன்சூரன்ஸ் கம்பெனி உள்ள வரும், அது சின்ன விஷயம் இல்ல. வருமானத்துக்கு என்ன ஆதாரம் கொடுத்திருக்காங்க, வயசுக்கு சரியான பெருக்கல் எண் போட்டிருக்காங்களா, இதெல்லாம் குறுக்கு விசாரணையில வர வேண்டியது. ஆனா நடக்காததை நடந்ததா சொல்லி சாட்சி தயார் பண்ற வேலைக்கு மட்டும் போகாதீங்க.

கூடவே லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வழியா பேசிப் பாருங்க. அந்தப் பக்கமும் ஒரு வீட்டுல சம்பாதிச்ச ஆள் போயிட்டார், அவங்களுக்கு பத்து வருஷம் கழிச்சு ஏலத்துல வர்ற பணத்தை விட இப்ப கைக்கு வர்ற பணம் பெரிசு, அதனால நேர்மையா இவ்வளவு முடியும், இத்தனை தவணையில கட்டறோம், வேணும்னா காலி மனையை வித்துத் தர்றோம்னு பேசினா நிறைய குடும்பம் ஒத்துக்குவாங்க. அங்க முடிஞ்சா அப்பீல் கிடையாது, ரெண்டு பக்கமும் நிம்மதி. காரை போலீஸ் பிடிச்சு வெச்சிருந்தா, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை செக்யூரிட்டி கட்டாம விட மாட்டாங்க, கட்டலன்னா ஏலம் விட்டு பணத்தை டிரிப்யூனல்ல (விபத்து நஷ்டஈடு கேஸை விசாரிக்கற கோர்ட்ல) போட்டுடுவாங்க, அதையும் மனசுல வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, வீடு வாங்கறப்ப உங்க நகை வித்த பணம், உங்க சம்பளம் போயிருந்து பத்திரத்துல உங்க பேரும் சேர்ந்து இருந்தா உங்க பங்கை தொட முடியாது, ஜப்தி அவர் பங்குக்கு மட்டும்தான். பத்திரத்தை ஒரு தடவை முழுசா படிங்க. வீட்டு லோன் மிச்சம் இருந்தா பேங்குக்குத்தான் முதல் உரிமை, அதுக்கு அப்புறம்தான் மத்தவங்க.

கேள்வி: சார், என் பைக்கை ரெண்டு வருஷம் முன்னாடியே வித்துட்டேன். பேர் மாத்திக்கறேன்னு சொல்லி ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு போனான், மாத்தவே இல்ல. இப்ப அவன் யாரையோ இடிச்சுட்டான், எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்டஈடு) கேஸ்ல என்னை முதல் எதிர்மனுதாரரா போட்டிருக்காங்க. வண்டியே என்கிட்ட இல்லையே, எனக்கு என்ன சம்பந்தம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சம்பந்தம் இருக்கு தம்பி, அதுதான் வேதனை. ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு சட்டம் பாக்குது. 2018-ல நவீன் குமார் வழக்குல வண்டி பல கை மாறியிருந்தும், ரெஜிஸ்டர்ல பேர் இருக்கறவர்தான் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. விபத்துல அடிபட்டவங்க யார் யாருக்கு வித்தாங்கன்னு தேடி அலைய முடியாதுங்கறதுதான் அதுக்கு காரணம், யோசிச்சா நியாயமும் கூட.

ஆனா உங்களுக்கு வழி இருக்கு. விபத்து நடந்த அன்னைக்கு அந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சான்னு முதல்ல பாருங்க. 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கின புது பைக்னா அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி கவர் இருந்திருக்கும். வண்டி கை மாறினா பாலிசியும் வாங்கினவருக்கு மாறினதா எடுத்துக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவு சொல்லுது, அதனால பாலிசி உங்க பேர்லயே இருந்தாலும் தேர்ட் பார்ட்டிக்கு கம்பெனி தப்பிக்க முடியாது. பாலிசி இருந்தா உங்க வீட்டைப் பத்தின கவலையை பெரும்பாலும் விட்டுடலாம், வாங்கினவனுக்கு லைசென்ஸ் இருந்துச்சான்னு மட்டும் பார்க்கணும். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியிருந்தா கம்பெனி பணத்தைக் கட்டிட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணப் பார்க்கும், ஆர்.சி. ஓனர் நீங்கதான். வித்ததுக்கு கையில என்ன ஆதாரம் இருக்கோ, டெலிவரி நோட், பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், அவன் கொடுத்த ஆதார் காப்பி, வாட்ஸ்அப் மெசேஜ், எல்லாத்தையும் எடுத்து வக்கீல்கிட்ட கொடுத்து வாங்கினவனையும் கேஸ்ல சேர்க்க மனு போடுங்க, நீங்க கட்ட வேண்டி வந்தா அவன்கிட்ட இருந்து வாங்க அதுதான் பிடிமானம்.

இதைப் படிக்கறவங்க யாராவது வண்டி வித்துட்டு பேர் மாத்தாம விட்டிருந்தா இன்னைக்கே அரசோட வாகனப் பதிவு விவரம் இருக்கற பரிவாகன் சைட்டுல போய் ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. விக்கறவர் 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்கணும், வேற மாநிலத்து ஆளுக்கு வித்தா 45 நாள். பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29-ம் 30-ம் கையெழுத்து போட்டு கொடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க, அந்த ஃபார்ம் புரோக்கர் பீரோவுல தூங்கிட்டு இருக்கும். பேர் மாறின ஆர்.சி. காப்பி வாட்ஸ்அப்ல வர்ற வரைக்கும் மீதி 5,000 ரூபாயை பிடிச்சு வெச்சுக்கங்க, அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

கேள்வி: என் பையனுக்கு 17 வயசு. டியூஷனுக்கு ஸ்கூட்டி எடுத்துட்டு போறான். பக்கத்துலதான், மெயின் ரோட்டுக்கு போக மாட்டான். இன்சூரன்ஸ் கரெக்டா கட்டியிருக்கேன். பிரச்னை வருமா?
– வாசகி, சேலம்

பதில்: வரும்மா, சாவியை இன்னைக்கே வாங்கி வைங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 199ஏ பிரிவுப்படி, சின்னப் பசங்க வண்டி ஓட்டி குத்தம் நடந்தா அப்பா அம்மாவுக்கும் வண்டி ஓனருக்கும் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. வீட்டு விஷயத்துக்கு வந்தா, லைசென்ஸே இல்லாத பையன் ஓட்டினான்னு தெரிஞ்சா கம்பெனி அதை காரணமா காட்டும், பாதிக்கப்பட்டவங்களுக்கு முதல்ல பணத்தைக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். அந்த வசூலுக்கு கம்பெனி தனியா கேஸ் கூட போட வேண்டாம், அதே கேஸ்ல நிறைவேற்று மனு போட்டா போதும்னு 2004-லயே நஞ்சப்பன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆக கரெக்டா பிரீமியம் கட்டியும் உங்க வீட்டுலதான் வந்து நிப்பாங்க. 16 வயசுல லைசென்ஸ் வாங்கலாம்னு சொல்றது 50 சிசிக்கு மேல போகாத வண்டிக்கு மட்டும், உங்க ஸ்கூட்டி அதுல வராது.

கேள்வி: ஃப்ரெண்டு அவசரம்னு கார் கேட்டான், கொடுத்தேன். அவன்தான் ஓட்டினான், அவன்தான் இடிச்சான். என் மேல ஏன் கேஸ்? அவன் சொத்துல இருந்து எடுத்துக்க வேண்டியதுதானே?
– வாசகர், தாம்பரம்

பதில்: நீங்க சம்மதிச்சு கொடுத்த வண்டியை அவர் ஓட்டினார், அதனால ஓனரும் டிரைவரும் சேர்ந்தும் தனித்தனியாவும் பொறுப்பு. அவர்கிட்ட சொத்து இல்ல, உங்ககிட்ட வீடு இருக்குன்னா மொத்தத்தையும் உங்ககிட்ட கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு, நீங்க கட்டிட்டு அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கணும். பாலிசி ஓடிட்டு இருந்து, அவருக்கு செல்லுபடியாகற லைசென்ஸ் இருந்து, குடிச்சிருக்கலன்னா கம்பெனியே கட்டும், நீங்க கோர்ட்டுக்கு ஒரு தடவை போய் பேப்பர் கொடுத்துட்டு வந்தா முடிஞ்சுடும்.

லைசென்ஸ்ல சிக்கல் இருந்தாலும் நீங்க உடனே தோத்துட்டதா அர்த்தம் இல்ல. ஓனர் தெரிஞ்சே அல்லது அலட்சியமா லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட வண்டியை கொடுத்தார்னு நிரூபிக்க வேண்டியது கம்பெனியோட வேலைன்னு 2004-ல ஸ்வரண் சிங் வழக்குல மூணு நீதிபதிகள் சொல்லியிருக்காங்க. நீங்க லைசென்ஸைப் பார்த்தேன், ஃபோட்டோ கூட எடுத்து வெச்சிருக்கேன், அது போலின்னு எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லன்னு சொல்ல முடிஞ்சா அது பெரிய பலம். டிரைவர் வேலைக்கு ஆள் வெச்சிருக்கறவங்களும் லைசென்ஸ் காப்பியை வருஷா வருஷம் வாங்கி ஃபைல்ல வைங்க, ரினியூ ஆகாம கிடக்கும்.

ஃப்ரெண்டு வாடகைக்கு ஆள் ஏத்திட்டு போயிருந்தா வேற கதை, ஓன் போர்டு காரை டாக்ஸி மாதிரி ஓட்டறது பாலிசி நிபந்தனைக்கே விரோதம். அப்படி எதுவும் இல்லையான்னு அவர்கிட்ட நேரா கேட்டு தெளிவு பண்ணிக்கங்க, கோர்ட்ல தெரிய வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு தெரியணும்.

கேள்வி: அப்பா வேன் வெச்சிருந்தார். அவர் ஓட்டி ஒரு விபத்து, கேஸ் நடந்துட்டு இருக்கறப்பவே அப்பா தவறிட்டார். வாரிசுன்னு என்னையும் என் தங்கச்சியையும் சேர்த்திருக்காங்க. நான் லோன் போட்டு சொந்தமா கட்டின வீடு இருக்கு. அதை எடுப்பாங்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: எடுக்க முடியாது. அப்பாகிட்ட இருந்து உங்க கைக்கு எவ்வளவு சொத்து வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் வாரிசுக்கு பொறுப்பு, சிவில் நடைமுறைச் சட்டம் 50-வது பிரிவு. உங்க சம்பாத்தியத்துல கட்டின வீடு அதுல வராது. ஆனா அதை கோர்ட்ல சொல்லணும், பதில் மனுவுலயே அப்பா விட்டுட்டு போன சொத்து இன்னின்னது, என் வீடு என் லோன்ல கட்டினதுன்னு எழுதி லோன் பேப்பரை சேர்த்துடுங்க. தங்கச்சியை கட்டிக் கொடுத்த வீட்டுல சம்மன் போய் நின்னா அங்க என்ன நினைப்பாங்களோன்னு பயந்துட்டு இருக்கும், அவங்களுக்கும் இதே பதில்தான்னு சொல்லுங்க.

வேன் இன்னும் அப்பா பேர்லயே ஓடிட்டு இருந்தா அதை நிறுத்துங்க. ஓனர் இறந்தா 30 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிச்சு மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த மனு கொடுக்கணும். பாலிசியும் இறந்த நாள்ல இருந்து மூணு மாசம் இல்லன்னா பாலிசி முடியற தேதி, எது முதல்ல வருதோ அது வரைக்கும்தான். அதுக்கு அப்புறம் ஒரு விபத்து நடந்தா அது அப்பா கணக்குல போகாது, உங்க கணக்குல வரும்.

கேள்வி: பழைய கார்தானேன்னு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருக்கேன். வீட்டுக்கு பாதுகாப்பு இதுவே போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வெளி ஆள் உயிருக்கும் காயத்துக்கும் போதும். ரெண்டு ஓட்டை இருக்கு. கார் உள்ள உக்காந்து வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் இந்த பாலிசியில வர மாட்டாங்க, பைக்ல பின்னாடி உக்கார்றவருக்கும் அதே நிலைமைதான், அவங்க கேஸ் போட்டா கட்டறது நீங்க. சித்தப்பா பையன் நம்ம மேல கேஸ் போடுவானான்னு நினைப்பீங்க, அவனுக்கு கால் போய் மூணு ஆபரேஷன் ஆனா போட்டுத்தான் ஆகணும், தப்பும் இல்ல. தேர்ட் பார்ட்டியோட நம்ம வண்டி டேமேஜுக்கும் சேர்த்து எடுக்கற பேக்கேஜ் பாலிசின்னா உள்ள இருக்கறவங்களுக்கும் கம்பெனி பொறுப்புன்னு 2012-ல பாலகிருஷ்ணன் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அந்த கூடுதல் பிரீமியத்துக்கு பார்க்காதீங்க. ரெண்டாவது, அடுத்தவங்க பொருளுக்கு ஆகற சேதத்துக்கு காருக்கு 7.5 லட்சம், பைக்குக்கு 1 லட்சம்தான் வரம்பு. விலை உயர்ந்த கார்ல மோதினா மிச்சம் நம்ம கைக்காசு.

கேள்வி: மேடம், என் பேர்ல லோடு ஆட்டோ இருந்துச்சு, வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். விபத்து நடந்து கேஸ் வந்ததே எனக்கு தெரியாது, பழைய அட்ரஸுக்கு சம்மன் போயிருக்கு. இப்ப திடீர்னு 11 லட்சம் கட்டணும், இல்லன்னா வீடு ஏலம்னு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் ஒட்டிட்டு போயிட்டாங்க. ராத்திரி தூக்கமே இல்ல. என்ன பண்றது?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: நோட்டீஸ் ஒட்டினதும் மறுநாளே வீடு போயிடாதும்மா, முதல்ல இதை மனசுல வாங்கிக்கங்க. நடந்தது என்னன்னா, நீங்க ஆஜராகாததால எக்ஸ் பார்ட்டியா தீர்ப்பு ஆகி, அந்தத் தொகைக்கு டிரிப்யூனல் கலெக்டருக்கு ஒரு சான்றிதழ் அனுப்பியிருக்கு, நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணச் சொல்லி, மோட்டார் வாகனச் சட்டம் 174-வது பிரிவு. அதனாலதான் கோர்ட் அமீனாவுக்கு பதிலா தாசில்தார் ஆபீஸ் ஆள் வந்திருக்காங்க.

நோட்டீஸ்ல கேஸ் நம்பர் இருக்கும், அதை எடுத்துட்டு போய் அந்த கோர்ட்ல தீர்ப்பு காப்பிக்கும், சம்மன் எந்த அட்ரஸுக்கு போச்சு, யார் வாங்கினாங்க, என்ன எழுதித் திரும்பி வந்துச்சுங்கற ரெக்கார்டுக்கும் மனு போடுங்க. சம்மன் சரியா கைக்கு வரலன்னா, தீர்ப்பு விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள எக்ஸ் பார்ட்டி தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம், அந்த 30 நாள் நோட்டீஸைப் பார்த்த அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு, தாண்டிட்டா தாமதத்துக்கு காரணம் சொல்லி தனி மனு போடணும், அது வேற செலவு. கோர்ட் ஒரு தொகையை டெபாசிட் பண்ணச் சொல்லித்தான் பெரும்பாலும் ஒத்துக்கும், அதுக்கு தயாரா போங்க. கூடவே வசூல் நடவடிக்கையை நிறுத்தி வைக்கவும் மனு சேர்த்துப் போடணும், அதை மறந்துட்டு நிறைய பேர் ஏலத்துல போய் நிக்கறாங்க. அந்த ஸ்டே உத்தரவு காப்பியை நீங்களே தாசில்தார் ஆபீஸ்ல கொடுத்து ரசீது வாங்குங்க, கோர்ட்ல இருந்து தானா போய்ச் சேரும்னு இருக்காதீங்க.

கேஸ் திரும்ப திறந்தா முதல் கேள்வி அந்த லோடு ஆட்டோவுக்கு அன்னைக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சாங்கறதுதான். பழைய பேப்பரைத் தேடுங்க, இல்லன்னா வண்டி நம்பரை வெச்சு பரிவாகன்ல தேடுங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க. பாலிசி இருந்தும் யாரும் சொல்லாததால கம்பெனி கேஸ்லயே வராம போன சம்பவம் உண்டு. உங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் பத்தியும் கவலை இருந்தா, சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் வெச்சே 7,500 கிலோவுக்குள்ள இருக்கற லோடு வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு கொடுத்தாச்சு, பேட்ஜ் இல்லன்னு மட்டும் சொல்லி கம்பெனி தப்பிக்க முடியாது.

தொகை அதிகம்னு நினைச்சா 90 நாளைக்குள்ள ஹைகோர்ட்டுக்கு அப்பீலும் போகலாம், அதுக்கு 25,000 ரூபாய் அல்லது தொகையில பாதி, எது குறைவோ அதைக் கட்டணும், ஸ்டே வேணும்னா அதுக்கு மேலயும் கட்டச் சொல்லுவாங்க. உங்க நிலைமைக்கு முதல்ல கீழ் கோர்ட்ல மனு போடறதுதான் சரின்னு எனக்குப் படுது.

வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னு கடிதத்துல கடைசியில எழுதியிருக்கீங்க. உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசமா வக்கீல் வெச்சுத் தருவாங்க. நோட்டீஸ், ஆதார், பழைய வீட்டு வாடகை ஒப்பந்தமோ சிலிண்டர் பில்லோ ரேஷன் கார்டு மாத்தின ரசீதோ, அந்த அட்ரஸ்ல இருந்து நீங்க எப்ப காலி பண்ணினீங்கன்னு காட்டற ஏதாவது ஒரு பேப்பர், இதை எடுத்துட்டு இந்த வாரமே போங்க.